அந்தக் கிளி ஏன் வலப்பக்கம் விழுந்தது

என் வயதுக்காரர்களில் ஒருவராவது இந்தக் கதையைச் சரியாகச் சொல்வார்களா என்று பார்க்கிறேன். ம்ஹும், ஒருவரும் இல்லை. போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் பழைய எஸ்டேட்காரி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஒங்க அக்கா விட்ட கிளி பறக்காம விழுந்துச்சே, ஞாவகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். மேசையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றவர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

பறக்காமல் விழுந்ததாம்! பறக்க முடியாதபடி செய்துவிட்டு, பிறகு பற என்று சொல்லி வேடிக்கை பார்த்தோம். இரண்டும் ஒன்றா? இத்தனை வருஷமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டு எரிகிறேன். இன்றைக்குக் கொட்டிவிடப் போகிறேன். அன்றைக்கு அங்கே நின்ற உங்களுக்கு உறைத்தால் உறைக்கட்டும், எனக்கென்ன.

முதலில் கிளி எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். தாமான் குடியிருப்பு வீட்டில் கேட்டைப் பூட்டிக்கொண்டு டிவி பார்க்கிற உங்களுக்கு அது மறந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் லயத்து வீட்டு வாசலில் நாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம். சத்தம்தான் முதலில் வரும். சுண்ணாம்பு மலைப் பக்கத்திலிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்கும். அண்ணாந்து பார்ப்பதற்குள் கூட்டம் கூரையைத் தாண்டிப் போயிருக்கும். காக்காய் மாதிரி சாவகாசமாகப் பறப்பதெல்லாம் அதற்கு வராது. பருந்து மாதிரி இறக்கையை விரித்துக் காற்றில் படுத்துக்கொள்ளவும் தெரியாது. படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அடித்த அடிக்கு நூல் பிடித்தது போல நேராகப் போகும். ரப்பர் பால் வடிகிற கித்தா மரங்களுக்கு மேலே போகிற கூட்டம் திடீரென்று திரும்பும். முன்னால் போகிறது திரும்பி அதைப் பார்த்துப் பின்னால் வருகிறது திரும்புவது கிடையாது. மொத்தமும் ஒரே வெட்டில் திரும்பும். அப்போது வயிற்றுப் பக்கத்துப் பச்சை ஒரு கணம் மின்னும்.

உட்காருகிற அழகையும் சொல்லவேண்டும். மரத்தில் மோதிச் சாகப்போகிறது என்று நாம் பயப்படும் வேகத்தில் வரும். கிளைக்கு ஒரு முழம் முன்னால் வாலை விரித்து, உடம்பை நிமிர்த்தி, இறக்கையால் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளி அப்படியே நின்றுவிடும். கிளம்பும்போது முதலில் கொஞ்சம் கீழே விழுகிற மாதிரி இறங்கும், பிறகுதான் எழும்பும். நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். "வானத்த பாத்தா சோறு வருமா?" என்று முதுகில் வாங்கியும் இருக்கிறேன்.

இத்தனைக்கும் காரணம் இறக்கை நுனியில் இருக்கிற நீள இறகுகள்தான். காற்றைப் பிடித்துத் தள்ளுவது அவை. இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் சாயும், சாய்ந்து சுற்றும், சுற்றிக்கொண்டே கீழே வரும். சைக்கிளில் ஒரு பக்கம் மட்டும் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், புரியும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டின இறகு வளராது. அது தலைமுடி இல்லை. அடிக்கட்டை தானாகக் கழன்று விழுந்தால்தான் அந்த இடத்தில் புது இறகு முளைக்கும். அதற்கு மாதக்கணக்காகும், அதுவும் ஒவ்வொன்றாகத்தான் விழும். இது என் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் கடைசிவரை மறுத்துவிட்டாள்.

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் 'கிளி விடுவது' என்று ஒரு வழக்கம் இருந்தது. மற்ற எஸ்டேட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் பெரிய காரியம் ஒன்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தால், போகலாமா வேண்டாமா, செய்யலாமா கூடாதா என்று தெரியாவிட்டால், ஆத்தாளிடம் கேட்பார்கள். திருவிழாவுக்கு முன்னால் ஒரு கிளியைப் பிடித்து வந்து, காலில் மஞ்சள் நூல் கட்டி வீட்டில் வளர்ப்பார்கள். திருவிழா அன்றைக்கு யாருடைய காரியமோ அவர் கையாலேயே கோயில் வாசலில் அதைப் பறக்கவிடவேண்டும். கோபுரத்தைத் தாண்டிப் பறந்துவிட்டால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். கோபுரம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். தகரக் கூரைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் கட்டியது.

காட்டிலிருந்து பிடித்து வந்த கிளி கையைத் திறந்தால் பறக்காமல் என்ன செய்யும்? அதனால் எல்லோருக்கும் உத்தரவு கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒருவர் பினாங்குக்கு வேலைக்குப் போனார். ஒரு விதவை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மனிதர்கள் சம்மதிக்காததற்கெல்லாம் கிளி சம்மதித்துக் கொடுத்தது. நல்ல வழக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். நாங்கள்தான் அதைப் பாழாக்கினோம்.

எழுபதுகளின் பின்பாதியில் என் அக்காவின் முறை வந்தது. எனக்கு அவளைவிட எட்டு ஒன்பது வயது குறைவு. எங்கள் லயத்தில் பள்ளியில் பாரம் ஐந்து வரைக்கும் படித்த முதல் பெண் அவள். ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். அம்மாவுக்கு அவளை அனுப்பவேண்டும் என்றுதான் ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா ஒன்றும் வில்லி இல்லை. வில்லியாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. ஈப்போ பாசாரில் அக்காவுக்கு ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்துகூட வாங்கி வந்துவிட்டாள். நர்ஸ் என்றால் வெள்ளைச் சப்பாத்து போடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அக்கா அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, தினமும் எடுத்துத் துடைத்து, திரும்ப வைப்பாள்.

அப்பாவுக்குத்தான் இரண்டு மனம். காரணம் கங்காணி. அவருடைய அண்ணன் மகன் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்தான். அவனுக்கு அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா எந்த நிறையில், எந்த மர வரிசையில், பால் வெட்டவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர் கங்காணி. நல்ல மரம் கிடைப்பதும் மேட்டில் கிழட்டு மரம் கிடைப்பதும் அவர் வாயில் இருந்தது. அப்பா அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வாரா?

"ஆத்தாகிட்ட கேட்டுருவோம்" என்றார் அப்பா. "கிளி விடுவோம். போன்னு சொன்னா போவட்டும். யாரும் என்னைய கொற சொல்ல முடியாதுலா."

அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! கிளி பறக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? காரியம் முடிந்த மாதிரிதான்.

கிளியைப் பிடித்து வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது பழைய கித்தாவை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடத் தொடங்கியிருந்தார்கள் இல்லையா? அடிமரத்தைச் செதுக்கி மருந்து தடவி நின்ற இடத்திலேயே சாகவிட்ட மரங்கள் ஒரு மேட்டில் இலையில்லாமல் நின்றன. மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் கிளிகள் குடியிருந்தன. மாமா ஏறும்போது மரம் கிரீச்சென்று முனகியது. கீழே அம்மா, "டேய், எறங்குடா, போதும்டா" என்று கத்திக்கொண்டிருந்தாள். மாமா சட்டைக்குள் கிளியோடு இறங்கினார். கையெல்லாம் ரத்தம், கடித்துக் குதறியிருந்தது. பொந்தைவிட்டுப் பறக்கத் தொடங்கியிருந்த இளங்கிளி. "பறக்குறதுல கெட்டிக்காரன் இவன். ரெண்டு தடவ தப்பிச்சிட்டான்" என்று மாமா சிரித்தார். அக்கா அதற்கு மஞ்சள் நூலைக் கட்டினாள். மங்கில் தண்ணீர் வைத்தாள். நினைவிருக்கிறதா மங்கு, பால் வடிகிற அந்தப் பீங்கான் கோப்பை? செம்பனைப் பழத்தை நான்தான் பொறுக்கி வந்து கொடுப்பேன். கிளி அதைக் கடித்துச் சாற்றை வழியவிடும். அதன் அலகும் என் விரலும் ஒரே ஆரஞ்சு நிறமாக இருக்கும்.

மாமா ரோத்தான் பிரம்பில் ஒரு கூண்டு பின்னிக் கொடுத்தார். கிளிக்கு ரோத்தான் எம்மாத்திரம்? ஒரே ராத்திரியில் ஒரு குச்சியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. மாமா அங்கே கம்பி கட்டினார். அது பக்கத்துக் குச்சியைக் கடித்தது. இப்படி அவருக்கும் அதற்கும் தினமும் போட்டி நடந்தது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருநாள் கங்காணி எங்கள் வாசல் வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"என்னாம்மா, கூண்ட திங்கிறானே? பத்திரமா பாத்துக்க. ஆத்தாளுக்கு நேந்துவிட்ட கிளி ஓடிப்போச்சுன்னா, அந்த வீட்டுப் பொண்ணும் ஓடிப்போவும்னுதான் நாலு பேரு பேசுவாங்க."

சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னார், வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்படி யாரும் அதுவரை பேசியதே கிடையாது. அந்த ஆள் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய பேச்சு அது. ஆனால் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கிளி போனால் மகளின் பேர் போகும். பேர் போனால் ஈப்போவும் போகும்.

அவள் என்ன செய்தாள் என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்த ஒரு பகலில், அக்காவின் தையல் கத்தரியை எடுத்து, கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, வலது இறக்கையின் நீள இறகுகளை நறுக்கிவிட்டாள். இடது பக்கத்தைத் தொடவில்லை. ஒரு பக்கமாவது பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தாளாம். திருவிழாவுக்குள் முடி மாதிரி வளர்ந்துவிடும் என்றும் நினைத்தாளாம். அவளே பிற்பாடு என்னிடம் சொன்னது இது. கிளி இறக்கையை மடக்கிக்கொண்டு கூண்டில் உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆத்தாளுக்கென்று வைத்த கிளியில் கத்தரி பட்டதென்று தெரிந்தால் அப்பா அவளைச் சும்மா விடமாட்டார், ஊரும் விடாது.

திருவிழா அன்றைக்கு மத்தியான வெயில். உறுமி மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை, வேப்பிலை வாசனை, தண்ணீர்ப் பந்தலில் ஐஸ் கட்டி போட்ட சிவப்புச் சர்பத். கோயில் வாசலுக்கு வலப்பக்கம் முதல் மரியாதைக்காரர்கள் நிற்பார்கள். கங்காணி தலையில் பரிவட்டத்தோடு அங்கே நின்றார். அப்பா அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பெண்கள் இடப்பக்கம். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி கூண்டைத் திறந்து கிளியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "ஆத்தாள நெனச்சிக்கிட்டு விடும்மா."

அக்கா மஞ்சள் சேலையில் இருந்தாள். சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டி வாங்கினாள். வாங்கியதும் அவள் சிரிப்பு நின்றது. குனிந்து கிளியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நேராக அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பயத்தில்தான் அக்கா நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். "விடும்மா, நேரமாவுது" என்றார் பூசாரி. மற்றவர்கள் எப்படி விடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கையை நெஞ்சுக்கு நேரே வைத்து மெல்லத் திறப்பார்கள், அவ்வளவுதான். அக்கா அப்படிச் செய்யவில்லை. இரண்டு கையையும் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய், பல்லைக் கடித்து, குதிகால் தரையைவிட்டு எழும்ப, மொத்த பலத்தோடு கிளியை மேலே வீசினாள்.

"அடியாத்தி! பந்தா எறியிறா?" என்று ஒருத்தி கத்தினாள்.

கிளி போயிற்று. தகரக் கூரையைத் தாண்டிப் போயிற்று. இறக்கையை அடித்தது, இன்னும் கொஞ்சம் ஏறியது, கோபுரத்துக் கலசம்வரை ஏறிவிட்டது. நான் கைதட்டத் தொடங்கினேன். அங்கே அது சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் வேகமாக அடித்தது, அடிக்க அடிக்க இன்னும் சாய்ந்தது. சுற்றிச் சுற்றி வந்து கங்காணியின் காலடியில் மண்ணில் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. கங்காணி குனிந்து கிளியை எடுத்தார். இறக்கையைப் பிரித்துப் பார்த்தாரா? எனக்குத் தெரியாது. பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு என்ன இருந்தது? கிளியை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தீங்களா? ஆத்தா கோபுரத்துக்கு அனுப்பல. யாரு காலடிக்கு அனுப்பியிருக்கான்னு பாருங்கலா!"

"வாக்கு வந்திருச்சு" என்றார் பூசாரி. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் போட்டுக்கொண்டார்கள். நீங்கள்தான், நீங்களும் உங்கள் அம்மா அப்பாக்களும்தான். ஒரு பறவை ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தினமும் சாயங்காலம் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாக நேராகப் பறப்பதைப் பார்த்தவர்கள்! மாமா மட்டும், "அவன் நல்லா பறப்பானே, என்னாச்சு?" என்று முணுமுணுத்தார். பூசாரி முறைத்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை, கத்தவுமில்லை.

"அப்பா, அது பறவைப்பா. அதுக்கு ஈப்போவும் தெரியாது, பாகான் டத்தோவும் தெரியாது" என்று மட்டும் சொன்னாள்.

"ஆத்தா சொன்னதுக்கு மேல பேசின, வாயில போட்டுருவேன்" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியில் நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் கல்யாணம் முடிந்து அக்கா பாகான் டத்தோவுக்குப் போனாள். வெள்ளைச் சப்பாத்து கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. எனக்குப் பெரிதாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அம்மா அதைப் பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினாள். குதிகாலை மிதித்து மடக்கி, கித்தாப் பால் சொட்டி, அட்டைக் கடி ரத்தம் காய்ந்து அது கருத்துப்போயிற்று. தினமும் காலையில் அந்தச் சப்பாத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏனென்று தெரியாமல் ஆத்திரம் வரும்.

கிளி எங்களோடுதான் இருந்தது. ஆத்தா திருப்பிக் கொடுத்த கிளி என்று அம்மா அதைக் கும்பிட்டு வளர்த்தாள். கூண்டைத் திறந்தே வைத்திருந்தாள். அது கூரைக் கம்பில் நடக்கும், அலகால் பிடித்து ஏறும், அவள் தோளில் உட்காரும். கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து ஒருநாள் நான் கூண்டுக்கு அடியில் ஓர் இறகைப் பார்த்தேன். பாதி இறகுதான். நுனி கூராக இல்லை, கத்தரியால் நறுக்கியது போலச் சப்பையாக இருந்தது. சில நாள் கழித்து அதே மாதிரி இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. குழந்தைதான், ஆனால் நான் முட்டாள் இல்லை. கிளியின் வலது இறக்கையைப் பிரித்துப் பார்த்தேன். மிச்சமிருந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே புது இறகுகள் பளபளவென்று முளைத்திருந்தன.

ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். "அம்மா, இத யாரோ வெட்டியிருக்காங்கம்மா! அதான் அன்னிக்கு விழுந்துச்சு! அப்பாகிட்ட சொல்லலாம்மா!"

பளாரென்று அறைந்தாள். இறகுகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். இறகு கருகுகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும். அந்த நாற்றத்தில்தான் எனக்குப் புரிந்தது, வெட்டியது யார் என்று.

அடுத்த திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் அக்கா முதல்முறையாகத் தனியாக வந்துவிட்டுப் போயிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே நீலமாக வீங்கியிருந்தது. தோட்டத்தில் வழுக்கி விழுந்தாளாம். அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள், பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அவள் போன மறுநாளோ அதற்கு மறுநாளோ, காலையில் அம்மா வாசலில் நிற்கிறாள், தோளில் கிளி. மேலே ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று. அம்மா தோளிலிருந்து கிளி முதலில் கொஞ்சம் கீழே இறங்கியது. விழப்போகிறது என்று அம்மா கையை நீட்டினாள். அது விழவில்லை. எழும்பி, படபடவென்று அடித்து, லயத்துக் கூரையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, நூல் பிடித்தது போல நேராகப் போயிற்று. காலில் நைந்துபோன மஞ்சள் நூல் தொங்கியது. நான் வாசலில் நின்று குதித்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை.

திரும்பிப் பார்த்தால் அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாடி! கோபுரத்த தாண்டிப் போச்சு பாரு! ஒங்கக்கா வாழ்க்க நல்லாருக்கும்னு சொல்லிட்டாடி!"

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் மாதிரி ஒரு கோபம் பிறகு வந்ததில்லை. உண்மையில் அதே கோபம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிப்பாள் என்று தெரிந்தும் கேட்டேன்.

"நீதானம்மா வெட்டுன?"

இந்த முறை அவள் அடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், கத்தரி, துண்டு, ஒரு பக்கம் லட்சணமாக இருக்கட்டும் என்று விட்டது, எல்லாம். சொல்லிவிட்டு, "கொஞ்சூண்டுதான்டி வெட்டுனேன். ஆத்தா நெனச்சிருந்தா அதோடயே பறக்க வச்சிருக்க மாட்டாளா?" என்றாள்.

"அப்ப இன்னிக்கு ஏன் பறந்துச்சு?"

"இன்னிக்கு நெனச்சா."

அன்றைக்கே அம்மா பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாள். உங்களில் சிலர் அந்தப் பொங்கலைத் தின்றிருக்கிறீர்கள். முந்திரி போட்டிருந்தாள், நல்ல ருசி என்று எல்லோரும் சொன்னீர்கள். நான் தொடவில்லை. கங்காணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டில் யாரும் கிளி விடவில்லை. செத்த மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள், பொந்துகள் போயின. கங்காணி செத்தார், அப்பா செத்தார். எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். தெலுக் இந்தான் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அவள் வீட்டுக்குப் பின்னால் ஈட்டி மாதிரி நட்டிருந்த இரும்பில் தேங்காயைக் குத்தி மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். குத்துவாள், திருகுவாள், மட்டை பிரிந்து விழும். அவள் உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருந்தது. ஊசி பிடிக்கவேண்டிய கை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைத் தூக்கவேண்டிய கை. 

அப்போது தென்னைகளுக்கு மேலே ஒரு கூட்டம் போயிற்று. அதே சத்தம், அதே வேகம். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அம்மா செய்ததை அவளுக்குச் சொல்லக்கூடாது என்று அத்தனை வருஷம் மூடி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தரி, வலது இறக்கை, அடுப்பில் போட்ட இறகு, பொங்கல். சொல்லும்போதே அழுதேன், அம்மாவைத் திட்டினேன். அக்கா ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்லா" என்றாள். "கைல வாங்குனப்பவே தெரிஞ்சிச்சு. வலது பக்கம் அடிக்கட்டையெல்லாம் உள்ளங்கைல குத்துச்சு."

 "தெரிஞ்சிக்கிட்டேவா விட்ட? அங்கயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானக்கா!"

"அம்மாவ பாத்தேன். சொல்லிறாதன்னு கண்ணாலயே கெஞ்சுனாங்க. சொல்லியிருந்தா அப்பா அந்த எடத்துலயே அவங்கள மிதிச்சிருப்பாரு. ஊரும் சும்மாவா நின்னிருக்கும்?"

"அதுக்காக நீ ஒன் வாழ்க்கைய..."

"நான் ஒன்னும் விட்டுக்குடுக்கல. அதுக்குப் பறக்க வராதுன்னு தெரிஞ்சிச்சு. அதான் எறிஞ்சேன். எம்புட்டு உசரம் முடியுமோ அம்புட்டு உசரம். விழறதா இருந்தாலும் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தா போதும்னு நெனச்சேன்."

தேங்காயைக் கீழே வைத்தாள். வலது கையை மேலே தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஒரு சாண்கூட இல்லாத ஓர் இடைவெளியை எனக்குக் காட்டினாள்.

"இவ்வளவுதான்லா கொறஞ்சிச்சு."